சீர்திருத்த வரலாறும் பொருளியலாரின் எண்களும்

சீர்திருத்தச் சபையார் வாழும் நாடுகள் செல்வத்தில் சிறந்தமைக்கு அவர்தம் சமய ஒழுக்கமே காரணம் என்னும் கருத்து நம் பிரசங்க பீடங்களிலும் கேட்கப்படுவதுண்டு. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904-05ஆம் ஆண்டுகளில் இதற்கு ஒரு கோட்பாட்டின் வடிவம் அளித்தார். உலகத் தொழிலையும் இறைவனின் அழைப்பாகக் கொண்ட மனநிலையே முதலாளித்துவத்தை வளர்த்தது என்பது அவர் வாதம். நெடுங்காலம் பெரிதும் சொற்களாலேயே நடைபெற்ற இவ்விவாதத்திற்குள் பொருளியலார் இப்போது பழைய பதிவேடுகளுடன் நுழைந்துள்ளனர்.

பெக்கர், வொஸ்மன் என்னும் இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1871ஆம் ஆண்டுப் பிரஷ்ய மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் சமயமும் எழுத்தறிவும் பதியப்பட்டிருந்தன. 452 மாவட்டங்களை அவர்கள் ஒப்பிட்டனர். சீர்திருத்தச் சபையார் மிகுந்த மாவட்டங்கள் செல்வத்தில் உயர்ந்திருந்தது உண்மையே. ஆனால் எழுத்தறிவின் பயனைக் கணக்கிட்டு நீக்கியபோது அவ்வுயர்வு பெரும்பாலும் மறைந்துவிட்டது! மக்கள் யாவரும் வேதத்தைத் தாமே வாசிக்க வேண்டுமென விரும்பிய லூத்தர், பள்ளிகள் நிறுவுமாறு 1524இல் நகர மன்றத்தாருக்கு எழுதினார். செல்வம் அவர் நாடிய பொருளன்று. அது பின்னே வந்தது.

ஆயின், கல்வியில் முன்னேறிய ஊர்களே சீர்திருத்தத்தை ஏற்றிருக்கலாமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்க அவர்கள் விட்டன்பர்க்கிலிருந்து ஒவ்வொரு மாவட்டமும் இருக்கும் தூரத்தை அளவுகோலாக்கினர். சீர்திருத்தம் அந்நகரைச் சுற்றி வட்டவட்டமாகப் பரவியது. எந்த ஊரும் தன் தூரத்தைத் தானே தெரிந்துகொள்வதில்லை. அத்தூரம் வேறு எவ்வழியிலும் செல்வத்தைத் தொட்டிருக்கலாகாது என்பதே இம்முறையின் உயிர்நாடி. ஆகவே 1517க்கு முந்திய நிலைமைகளோடும் அதனை ஒப்பிட்டுச் சோதித்தனர். கூர்மையான முறைதான். எனினும் சபையைத் தெரிந்துகொண்டவர் பல இடங்களில் மக்களல்லர், அரசரே என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

கான்டோனி என்பவரோ 1300 முதல் 1900 வரை 272 நகரங்களின் மக்கள் தொகையை ஆராய்ந்து, சீர்திருத்தத்தால் நகர வளர்ச்சியில் வேறுபாடே விளையவில்லை என 2015இல் எழுதினார். முரண்பாடு எனப் பதற வேண்டுவதில்லை. இவர் அளந்தது நகரத்தாரின் தொகை. முன்னவர் அளந்தவை வருமான வரி, ஆசிரியர் ஊதியம் முதலியன.

அதே கான்டோனியும் வேறிருவரும் 2018இல் வெளியிட்ட முடிவு நம் மாணவர்க்குச் சற்று உறுத்தலாயிருக்கும். மடங்கள் மூடப்பட்டு அவற்றின் உடைமைகள் ஆட்சியாளர் வசமானபின், சீர்திருத்தப் பல்கலைக்கழகங்களின் மாணவர் இறையியலை விட்டுச் சட்டம் முதலிய படிப்புகளின் பக்கம் சாய்ந்தனர். பட்டம் பெற்றோர் மேன்மேலும் அரசு அலுவல்களில் அமர்ந்தனர். புதிய கட்டடங்களிலும் ஆலயங்கள் குறைந்து அரண்மனைகள் பெருகின.