பின்னணி இழைகளும் தரவுத்தள இணைப்புகளும்

ஓர் இணையதளத்துக்குள் இரண்டு வகை வேலை நடக்கிறது. நாம் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் ‘பதிவாகிவிட்டது’ என்று உடனே பதில் வருகிறதல்லவா, அது முதல் வகை. அதன் பிறகு ஐநூறு பேருக்குச் செய்தி அனுப்புவது போன்ற நீண்ட வேலையை, நம்மைக் காக்க வைக்காமல், நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை பார்த்துக்கொள்கிறது. கணினிக்காரர்கள் இதைத் திரெட் என்பார்கள். இரண்டு வகைக்குமே விவரங்கள் வேண்டும். அவை தரவுத்தளத்தில் (டேட்டாபேஸ்) இருக்கின்றன. அதனிடம் பேசும் வழிதான் இணைப்பு.

இது கணினி படித்த பிள்ளைகளுக்கு மட்டுமான விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்களை இழந்தோம். தொலைத்தொடர்பு இல்லாததால் செய்தி வெளியே போனது மறுநாள் காலையில்தான். அப்படி ஒரு நாளில் வெளியூர் உறவினர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு சங்கம் தளம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ‘அனுப்பப்படுகிறது’ என்று காட்டிவிட்டு உள்ளே ஒன்றுமே அனுப்பாமல் இருந்தால்? பின்னணி இழையில் வரும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

காரணம் புரிய நம் ஊர்ப் பழைய ரோப்வேயை நினைத்துப் பாருங்கள். 1902-இல் தொடங்கிய குண்டலை பள்ளத்தாக்கு ரயில், 1924 வெள்ளத்தில் அழியும்வரை, தேயிலைப் பெட்டிகளை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டியேறி அவை போடிநாயக்கனூர் சேர்ந்தன. எந்த ரோப்வேயானாலும் கம்பியில் ஒரே நேரத்தில் இத்தனை சுமைதான் தொங்கலாம் என்று கணக்கு உண்டு. போன கொக்கி காலியாகித் திரும்பினால்தான் அடுத்த பெட்டி போகும். தரவுத்தள இணைப்பும் அதே மாதிரிதான்.

ஜாங்கோ போன்ற கட்டமைப்புகளில் ஒவ்வோர் இழைக்கும் தனி இணைப்பு. வாசகர் கேட்ட பக்கத்தைக் கொடுத்து முடித்ததும், பழைய இணைப்பைக் கட்டமைப்பே மூடிவிடும். ஆனால் நாமே தொடங்கிவிட்ட பின்னணி இழையை அது கவனிப்பதில்லை. எடுத்ததும் நாம், திருப்பித் தர வேண்டியதும் நாம். இதை மறப்பதில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

முதல் கோளாறு, இணைப்பு தீர்ந்துபோவது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வழக்கமாக 100 இணைப்புகளையே ஏற்கும். நான்கு செயல்முறைகள், ஒவ்வொன்றும் முன்னணிக்கு 20, பின்னணிக்கு 10 என்று எடுத்தால் 120 ஆகிவிடும். கூட்டமில்லாத நாளில் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வரும் நாளில்தான் கை விரிக்கும்.

இரண்டாவது, செத்த இணைப்பு. மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பை வழக்கமாகத் துண்டித்துவிடும். இழைக்கோ அது தெரியாது. இரவெல்லாம் சும்மா இருந்துவிட்டுக் காலையில் பழைய இணைப்பிலேயே பேசப்போய் முதல் வேலையிலேயே விழும்.

மூன்றாவது, ஒரே இணைப்பை இரண்டு இழைகள் பங்கு போடுவது. ஒருவர் கணக்கு எழுதும் நோட்டில் இன்னொருவரும் அதே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

நான்காவது, முந்திக்கொள்வது. முன்னணி வேலை பதிவை உறுதி செய்யும் முன்பே பின்னணி இழை தேடப் போய், ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்று திரும்பிவிடும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் தரவுத்தளத்தையே கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, மைஎஸ்க்யூஎல்லில் ஷோ பிராசஸ்லிஸ்ட் என்று கேட்டால் யார் யார் இணைப்பைப் பிடித்திருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்பது தெரியும். சும்மா இருப்பவை நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால், யாரோ திருப்பித் தரவில்லை என்று அர்த்தம். அடுத்து, இழைக்குள் நடக்கும் பிழையை நேரத்தோடு பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் இழை செத்தது யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். இணைப்பை வேலை தொடங்கும்போது அந்த இழைக்குள்ளேயே எடுக்க வேண்டும். பிழை வந்தாலும் வராவிட்டாலும் முடிவில் திருப்பித் தர வேண்டும். நெடுநேரம் சும்மா இருந்த இணைப்பை உயிரோடிருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பெயர்ப் பட்டியலை எடுத்ததும் இணைப்பை விட்டுவிட்டு, அதன் பிறகு செய்தி அனுப்பலாம். பதிவு உறுதியான பின்பே பின்னணி வேலையைத் தொடங்க வேண்டும். மொத்த எண்ணிக்கையைத் தரவுத்தளத்தின் வரம்புக்குள் கூட்டிப் பார்த்து வைக்க வேண்டும்.

இணைப்பு அறுவதை முழுக்கத் தடுக்க முடியாது. அறுந்தது உடனே தெரிய வேண்டும், வேலை மறுபடி தொடர வேண்டும். ‘அனுப்பியாயிற்று’ என்ற சொல்லை, செய்தி உண்மையிலேயே போன பிறகுதான் திரை காட்ட வேண்டும்.