களப்புப் பறவைகளும் நம்மவர் கைம்முதலும்

ஆபிரிக்கா என்றதும் சிங்கமும் யானையும் ஒட்டைச்சிவிங்கியும் நம் கண்முன் தோன்றுகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே பல்லாயிரவர் கடல் கடந்து செல்கின்றனர். அவர்கள் செலவிடும் பணத்தால் எத்தனையோ குக்கிராமங்களில் அடுப்பெரிகின்றது. காட்டுயிரும் ஒரு கைம்முதலே என்பதை அவ்வூரார் நன்குணர்ந்துள்ளனர். நம் வடபுலத்தில் அத்தகைய முதல் யாதும் இல்லையோ? உண்டு. சுன்னாகத்தார் காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு மீளத்தக்க தொலைவிலேயே அது உண்டு.

சுண்டிக்குளம்

ஆனையிறவுக்குக் கிழக்கே, குடாநாடும் வன்னியும் கூடுமிடத்திற் பரந்து கிடப்பது சுண்டிக்குளம் களப்பு. 1938 ஆம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. மாரி தொடங்கியதும் வடதிசை நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்து முதலியன இங்கு வந்து சேர்கின்றன. சங்குவளை நாரையையும் கரண்டிவாயனையும் இங்கே காணலாம். பூநாரை எனப்படும் பிளமிங்கோக் கூட்டமே யாவற்றினும் கண்ணைக் கவர்வது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரிலிட்டு, சேற்றை வடித்து இரையுண்ணும் பறவை இது. உவர்நீரில் வாழும் நுண்பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருளே இதன் இறகுக்கு இளஞ்சிவப்பை ஊட்டுகின்றது.

மேற்கே நெடுந்தீவிலும் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனப்படும் கட்டாக்குதிரைகள் அங்கே மேய்கின்றன. ஆபிரிக்காவுக்குரிய பெருக்க மரமொன்றும் அத்தீவில் அடிபருத்து நிற்கின்றது.

பயன் யாருக்கு?

2015 இல் காங்கேசன்துறை வரை புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. வழி திறந்தால் வருவோர் பெருகுவர். வருவோரைத் தொடர்ந்து முதலீட்டாளரும் வருவர். அப்போது எழவேண்டிய வினா ஒன்றே: களப்போரத்து மீனவனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் கிடைப்பது யாது? சரணாலயத்துள் தனியார் காணி இருக்கலாம்; தேசிய பூங்காவினுள் நுழைவதற்கோ அனுமதிச் சீட்டு வேண்டும். நேற்றுவரை தன் முற்றமாயிருந்த இடத்தை இன்று வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவன், பறவையைத் தன் பகையென எண்ணின் வியப்பில்லை.

இவ்விடத்து நமீபியா நாட்டின் அனுபவம் நோக்கத்தக்கது. வறண்ட அந்நாடு 1996 இல் ஒரு சட்டம் இயற்றியது. எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியலும் விதிகளும் அமைத்து, வருவாயைப் பங்கிடும் முறையையும் வரையறுத்துக்கொண்டால், காட்டுயிராலும் சுற்றுலாவாலும் வரும் பயன் அவ்வூராருக்கே உரியது என்றது அச்சட்டம். 1998 இல் தோன்றிய முதற் சங்கங்கள் இன்று எண்பதுக்கு மேலாகப் பெருகியுள்ளன. விடுதி நடத்துவோர் அச்சங்கங்களுடன் ஒப்பந்தஞ் செய்கின்றனர்; காவலரும் ஊரவரே. ஆயினும் 2020 இல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது அவர்களும் இடருற்றனர். சுற்றுலா துணைத்தொழிலாக இருத்தல் நன்று. அதுவே முழுப் பிழைப்பாதல் தகாது.

சுன்னாகம் கற்ற பாடம்

பாடங் கற்க நாம் நமீபியா வரை செல்லவும் வேண்டியதில்லை. நம் மின்னிலையச் சூழலிற் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததையும், அது தொடர்பான வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டதையும் யார் மறப்பர்? குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் கீழுள்ள நீரே நம் உயிர். ஆதலின், எந்த விடுதிக்கும் கல் நாட்டுமுன் “நீர் எங்கிருந்து? கழிவு எவ்விடத்துக்கு?” என்று கேட்டல் நம் கடன்.

நம்மவர்க்கு ஏற்றவை சிறுமுதல் முயற்சிகளே. வீட்டில் ஓர் அறையை விருந்தினர்க்கு ஒதுக்கலாம். களப்பறிந்த இளைஞர் பறவைகளின் பெயர் கற்று வழிகாட்டலாம். ஒடியற்கூழும் பனங்கட்டியும் விருந்தாகலாம். அவ்விருந்துக்கு வேண்டிய காய்கனிகளைச் சுன்னாகச் சந்தை தரும். தனித்தனியே இயலாததைக் கூட்டுறவுச் சங்கத்தால் இயற்றலாம். கூட்டுறவு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று.

ஒரு விதியை மட்டும் மீறலாகாது. பறவைக்கு அருகே படகையும் வாகனத்தையும் செலுத்துதல் கூடாது. இரையுண்ணும் கூட்டத்தை அடிக்கடி எழுப்பினால் அது வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். யால வனத்திற் சிறுத்தையொன்றைச் சூழ்ந்து ஜீப் வண்டிகள் நெருக்கும் நிலை நம் களப்புக்கும் வரவேண்டுமா?

வருகின்ற மார்கழி விடுமுறையில் பெற்றோர் தம் மக்களைச் சுண்டிக்குளத்துக்கு அழைத்துச் செல்வாராக. மாணவர் தொலைநோக்கியும் குறிப்பேடும் கொண்டு செல்க. தம் பறவைகளின் பெயரை அறிந்த தலைமுறையே, நாளை முதலீட்டாளர் வரும்போது அவருடன் சமமாக அமர்ந்து பேசவல்லதாகும்.