பூமியின் பிளவுகளும் பேரதிர்ச்சிகளும்

அசையாதது என நம்பி நாம் உழுது விதைக்கும் மண் திடீரென ஏன் அதிர்கிறது? இதற்கான விடை பூமியின் மேலோட்டில் உள்ளது.

மேலோடு ஒரே பாறையாக அமைந்ததல்ல. அது பல பெரும் தகடுகளாகப் பிரிந்துள்ளது. இத்தகடுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்கின்றன. பாறை உடைந்து, அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தையே பிளவு என்கிறோம். உரசும் பக்கங்கள் இறுகிப்போனால் அருகிலுள்ள பாறை மெல்ல வளைகிறது. பச்சைக் கம்பொன்றை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். ஓரளவு வளையும், பின் சடாரென முறியும். முறியும்போது கை அதிர்கிறதல்லவா? பூமியதிர்ச்சியும் அவ்வாறானதே.

இதை விளங்கிக்கொள்ள உதவியவற்றுள் கமக்காரரின் வேலிகளும் அடங்கும். 1906 ஏப்ரல் 18 இல் கலிபோர்னியாவின் சான் அன்றியாஸ் பிளவு நழுவியது. அதற்குக் குறுக்கே நேராக நின்ற வேலிகள் அறுந்து, பல அடிகள் விலகி நின்றன. இவ்விலகல்களையும் நில அளவைகளையும் ஆராய்ந்த ரீட் என்னும் அறிஞர் 1910 இல் மேற்கண்ட விளக்கத்தை வெளியிட்டார்.

நழுவும் பரப்பு பெரிதானால் அதிர்ச்சியும் பெரிதாகும். அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஒரு தகடு மற்றொன்றின் கீழ்ச் சாய்வாக நுழையும் கடலோரங்களிலேயே மிகப்பெரிய பரப்புகள் நழுவுகின்றன. சிலி (1960), அலாஸ்கா (1964), சுமாத்திரா (2004), யப்பான் (2011) ஆகிய பேரதிர்ச்சிகள் யாவும் இத்தகையவை.

இவற்றுள் பெரியது 1960 மே 22 இல் சிலியில் ஏற்பட்டது. அதன் அளவு 9.5. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் இதைவிடப் பெரியது இல்லை. ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு நழுவியது. வல்டிவியா நகரை அண்டிய ஆற்றோர வயல்களும் மேய்ச்சல் தரைகளும் தாழ்ந்து, நீர் நிரம்பிச் சதுப்பு நிலங்களாயின. அங்கும் பெருந்தொகையானோர் வீடிழந்தனர். கடலலை பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து யப்பான்வரை சென்று உயிர்களைப் பறித்தது.

எமது நாடு அத்தகைய பிளவுக்கு அருகில் இல்லை. ஆயினும் 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் 1,300 கிலோமீற்றர் அளவில் பிளவு நழுவியபோது, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் அலை எமது கிழக்குக் கரையை அடைந்தது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட எம்மவர் மடிந்தனர். ஆனால் அதிர்ச்சிக்கு மிக அருகிலிருந்த சிமலூ தீவில் அலையால் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. 1907 இல் வந்த அலையின் கதையைப் பாட்டன் பாட்டியர் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் அதிர்ந்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஓடினர்.

அதிர்ச்சி எங்கே நிகழக்கூடும் என்பதை இன்று அறியலாம். எந்த நாளில் என்பதை எவராலும் கூற முடியாது. ஆகவே நாள் குறித்து வரும் வதந்திகளை நம்பி வீட்டையும் வயலையும் விட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் கரையோரத்தில் மீளக் குடியேறும் நாம் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும்:

- கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் பார்த்துக்கொண்டு நில்லாதீர்கள். உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்.
- கடல் உள்வாங்காமலும் அலை வரலாம். எச்சரிக்கை கிடைத்தால் தாமதியாதீர்கள்.
- முதல் அலையோடு ஆபத்து முடிவதில்லை. அறிவித்தல் வரும்வரை திரும்பாதீர்கள்.

மேட்டுக்குச் செல்லும் பாதையை இன்றே பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள்.