ஒரு மணி நேரத்தில் ஆயிரம் புள்ளி!

ஒரு நீல யானை. குட்டி யானை. ஓர் அறைக்குள் நிற்கிறது.

இடப்பக்கம் நடந்தால் ஒரு பரிசு. வலப்பக்கம் நடந்தால் இன்னொரு பரிசு. குதித்தால் பரிசு. முள்ளில் விழுந்து செத்தால்? அதற்கும் ஒரு பரிசு!

இப்படி மொத்தம் 99 பரிசுகள்!

இது கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பொம்மை யானை. ஜான் கூனி என்பவர் 2008-ம் ஆண்டு இந்த ஆட்டத்தை உருவாக்கினார். எதற்காகத் தெரியுமா? கேலி செய்வதற்காக! வீடியோ கேம் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை மறந்துவிட்டுப் பரிசுக்குப் பறக்கிறார்கள் என்று குத்திக்காட்டினார். ஆனால் நடந்தது என்ன? 99 பரிசையும் வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டவர்கள் பலர்!

துணி வில்லை

இந்தப் பரிசு ஆசை நேற்று முளைத்தது அல்ல.

1982-ம் ஆண்டு அமெரிக்காவில் "பிட்ஃபால்" என்ற ஆட்டம் வந்தது. காட்டுக்குள் ஒரு மனிதன் ஓடுவான். குழியைத் தாண்டுவான். முதலையின் தலைமேல் கால் வைத்துப் போவான். விழுதைப் பிடித்து ஊசலாடுவான். 20 ஆயிரம் புள்ளி எடுத்தவர்கள், டெலிவிஷன் திரையைப் போட்டோ பிடித்துக் கம்பெனிக்குத் தபாலில் அனுப்புவார்கள். கம்பெனி ஒரு துணி வில்லை அனுப்பிவைக்கும். அதைச் சட்டையில் தைத்துக்கொள்ளலாம். கையால் தொட்டுப் பார்க்கும் பரிசு அது.

2005-ம் ஆண்டு எல்லாம் மாறியது. மைக்ரோசாப்ட் கம்பெனி "எக்ஸ்பாக்ஸ் 360" என்ற விளையாட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டோவும் வேண்டாம், தபாலும் வேண்டாம். குறிப்பிட்ட ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும் "டிங்" என்று மணி அடிக்கும். திரையில் "அச்சீவ்மென்ட்" என்ற சாதனைப் பரிசு தோன்றும். அதற்குரிய புள்ளி, ஆடுகிறவரின் கணக்கில் ஏறிவிடும். வேறு எந்த ஆட்டம் ஆடினாலும் புள்ளி அதே கணக்கில்தான் சேரும்.

இந்தப் புள்ளியைக் கடையில் கொடுத்தால் கால் கிலோ சர்க்கரை கிடைக்காது. ஆனாலும் ரேமண்ட் காக்ஸ் என்ற அமெரிக்கர் விடாமல் சேர்த்தார். 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் கணக்கு 10 லட்சத்தைத் தொட்டது. உலகத்திலேயே முதல் ஆள் அவர்தான்!

இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே டோக்கன்

கடையில் விற்கும் பெரிய ஆட்டத்துக்கு மொத்தம் 1,000 புள்ளி. ஆரம்பத்தில் சின்ன ஆட்டங்களுக்கு 200 புள்ளிதான். பின்னாளில் சின்ன ஆட்டத்துக்கும் 1,000 என்று ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து உருவாக்கி, ஆடி முடிக்க மாதக்கணக்கில் ஆகும் ஆட்டத்துக்கும் 1,000. இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து செய்து, ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகும் ஆட்டத்துக்கும் 1,000!

கேட்க வேண்டுமா? புள்ளி வேட்டைக்காரர்கள் சின்ன ஆட்டங்களைத் தேடி ஓடினார்கள்.

2007-ம் ஆண்டு வந்த "அவதார்" கார்ட்டூன் ஆட்டம் ஒன்றில், அடி தவறாமல் தொடர்ந்து 50 அடி அடித்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்குள் 1,000 புள்ளியும் வந்துவிடும். 2016-ம் ஆண்டு வந்த இன்னொரு ஆட்டம் அதையும் மிஞ்சியது. திரையில் ஒரு மயோனைஸ் பாட்டில் இருக்கும். அதை 10 ஆயிரம் தடவை தட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்!

புதிர் போனால் என்ன மிச்சம்?

வேட்டைக்காரர்கள் விரும்பித் தேடுவது தாவும் புதிர் ஆட்டங்களை. ஒரு சின்ன உருவம் படிக்குப் படி தாவிப் போகும். வழியில் கதவு பூட்டியிருக்கும். பெட்டியைத் தள்ளி, அதன் மேல் ஏறி, கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும். எந்தப் பெட்டியை எங்கே தள்ளுவது? அதுதான் புதிர். விடை தெரியாதவருக்கு ஒரு பொழுது போகும். தெரிந்தவருக்கு அரை நிமிஷம்!

வேட்டைக்காரர் விடைகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறார். பெட்டியைத் தள்ளு, தாவு, இழு, டிங்! ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார். படைத்தவர் பல மாதம் மூளையைக் கசக்கிப் போட்ட முடிச்சை அவர் அவிழ்க்கவே இல்லை. அவிழ்ந்த கயிற்றைத்தான் பார்த்தார். அதற்காக அவரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. பெயர் தெரியாத சின்னக் கம்பெனியின் ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேறு யார் வருகிறார்கள்? புள்ளிக்காக வாங்கினாலும் காசு காசுதானே! அந்தக் காசில் அடுத்த ஆட்டம் பிறக்கிறது.

ஆனால் சுலபமான பரிசுக்கு மவுசு குறைவு. ஒரு பரிசை நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று இப்போது இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லோரிடமும் உள்ள பரிசு என்றால் பக்கத்து வீட்டுப் பையன்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருட்டில் ஒரு சிறுவன்

"லிம்போ" என்ற ஆட்டம் 2010-ம் ஆண்டு வந்தது. டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி செய்தது. படம் முழுவதும் கறுப்பு வெள்ளை. காணாமல்போன தங்கையைத் தேடி ஒரு சிறுவன் இருட்டுக் காட்டில் நடக்கிறான். ராட்சதச் சிலந்தி துரத்துகிறது. ரம்பம் சுழல்கிறது. தண்ணீர் விழுங்குகிறது. முதல் தடவை ஆடுகிறவர் கையில் அந்தச் சிறுவன் எத்தனையோ தடவை சாகிறான்!

இதுவும் சின்ன ஆட்டம்தான். ஒரு பொழுதில் முடித்துவிடலாம். பரிசுகளில் பல, ஒளிந்திருக்கும் முட்டைகளைத் தேடி மிதித்தால் கிடைக்கும். எங்கே இருக்கின்றன என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஒரே ஒரு பரிசு மட்டும் அப்படி அல்ல. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் ஆட வேண்டும். சிறுவன் ஐந்து தடவைக்கு மேல் சாகக்கூடாது. எல்லா விடையும் மனப்பாடமாக இருந்தாலும், கடைசிக் கட்டத்தில் விரல் நடுங்கினால் போச்சு. மறுபடி முதலிலிருந்து!

அந்தப் பரிசுக்காகச் சாப்பாட்டை மறந்து, முட்டி மோதி ஆடியவர்கள் உண்டு. கிடைத்தது என்னவோ அதே "டிங்" சத்தம்தான்.