பழைய 'குட்டி யானை'யைக் குறைந்த செலவில் ஓட்டுவது எப்படி?

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டிலும் யஷ்வந்தபுரம் மண்டியிலும் பொழுது விடிவதற்கு முன்பே வந்து நிற்கும் சிறு லாரிகளில் 'குட்டி யானை'கள் ஏராளம். வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் வண்டிக்குத் தமிழர்கள் வைத்த பெயர் இது. 2005-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைசக்தி, ஏறக்குறைய முக்கால் டன் சுமை என்ற அளவில் இது அமைந்திருந்தது. காய்கறி ஏற்றுவது, வீடு மாற்றுவது, கட்டட வேலைக்குச் சாமான் கொண்டுபோவது என்று இந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல.

புது வண்டிக்குத் தவணை கட்ட வசதி இல்லாதவர்கள் பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள். சேர்த்து வைத்த பணத்தோடு நகையை அடகு வைத்த பணமும் விலைக்கே சரியாகப் போய்விடுகிறது. வண்டி வாசலுக்கு வந்த பிறகு ஒவ்வொரு கோளாறாகத் தெரியவரும். கையிலோ காசு இருக்காது. அந்த நிலையில் எந்த வேலையை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப் போடுவது என்று தெரிந்திருந்தால் பாதி நஷ்டம் குறையும்.

வாங்கும் முன்

வண்டி பார்க்கப் போகும்போது, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்பது தெரியும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கக்கூடும். இரண்டுமே ஹெட் கேஸ்கட் போயிருப்பதற்கு அடையாளம்.

புகையும் பேசும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் சிறிது வெண்புகை வருவது சகஜம். சூடான பிறகும் அது நிற்காவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

பிரேக்தான் முதல் செலவு

பழைய வண்டி வாங்கியவர்கள் பலர் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். பாட்டுப் பெட்டி வைக்கிறார்கள். முதல் ரூபாய் பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும்தான் போக வேண்டும். முக்கால் டன் தக்காளியோடு மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால், பறிபோவது ஓட்டுநரின் உயிர் மட்டுமல்ல.

நாலு சக்கரத்தையும் கழற்றி முன் பேடு, பின் லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் ஆவியாகி, பெடல் தொபுக்கென்று உள்ளே போய்விடும். ஆகவே பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது உசிதம். அதிகச் செலவில்லாத இந்த வேலையைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ரப்பர் ஏற்றிய டயரைப் பின்பக்கம் போடலாம், முன்பக்கம் போடக்கூடாது. டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்தால் கிங் பின், புஷ், வீல் அலைன்மென்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். இதைப் பாராமல் புது டயர் போட்டால் அதுவும் விரைவில் தேய்ந்துபோகும். கிங் பின்னுக்கும் யு.ஜே. கிராஸுக்கும் தவறாமல் கிரீஸ் அடித்து வந்தால் பெரிய செலவைத் தவிர்க்கலாம்.

தண்ணீர், டீசல், காற்று

சிறிய எஞ்சினுக்குச் சூடுதான் எமன். பெங்களூரில் பல பகுதிகளில் கிடைப்பது உப்புக் கலந்த போர்வெல் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை கட்டி வழியை அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரோடு கூலண்டைச் சரியான அளவில் கலந்து ஊற்ற வேண்டும். சூட்டு முள் மேலே ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் ஹெட் வளைந்துபோகும். ஒரு ஹோஸ் குழாயோடு முடிய வேண்டிய செலவு லேத் பட்டறை வரை போய்விடும்.

டீசல் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் பம்பும் நாசிலும் கெடும். இந்த எஞ்சினில் விலை உயர்ந்த பாகங்கள் அவைதான். காற்று பில்டரை ஏர் அடித்து அடித்தே ஓட்டாமல், உரிய தூரத்தில் மாற்றிவிட வேண்டும்.

எஞ்சினைப் பிரிக்கும் முன்

'இழுவை இல்லை, ரீபோர் பண்ண வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னவுடன் தலையாட்டிவிடக்கூடாது. கிளட்ச் நழுவினாலும் இழுவை குறையும். பில்டர் அடைத்தாலும் குறையும். ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் குறையும். ஓட்டி நிறுத்தியபின் எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். இது மலிவான சாமான். இதைப் பாராமல் எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தால் நஷ்டம்தான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கேஜ் காட்டிவிடும். அதற்குப் பின் ரீபோர் செலவுக்குத் துணியலாம்.

சாமான் வாங்கும்போது

பெங்களூரில் மோட்டார் சாமான்களுக்கு ஜே.சி. ரோடுதான் பேர்போன இடம். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய், ஒத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பிரேக், ஸ்டியரிங், பேரிங் சாமான்களைப் பில்லோடு புதிதாகத்தான் வாங்க வேண்டும். கதவு, கண்ணாடி, பம்பர், சீட்டு போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினால் குறையொன்றும் இல்லை. அங்கே மிச்சமாகும் பணத்தை இங்கே போடலாம்.

செய்யத் தகுந்த மாற்றங்கள்

ஹெட்லைட் மங்கலாக எரிந்தால், கண்ணைக் கூசவைக்கும் விளக்கை மாட்டத் தேவையில்லை. எர்த் ஒயரைச் சுத்தம் செய்து, ரிலே ஒன்றைப் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால், கம்பெனி விளக்கே நன்றாக எரியும். அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதும், லோடு தட்டில் ரப்பர் விரிப்புப் போடுவதும் வண்டியின் ஆயுளைக் கூட்டும். ஓட்டுநர் சீட்டின் நுரையை மாற்றுவது ஆடம்பரம் அல்ல. நாள் முழுக்க உட்காருபவரின் முதுகுக்கு அது மருந்து.

பின்னால் கூடுதல் பட்டை வைத்து ஒன்றரை டன் ஏற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பட்டை தாங்கினாலும் பிரேக்கும் ஆக்ஸிலும் தாங்கா. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை மாட்டினால் பல நாள் வாடகை போய்விடும்.

காகிதங்கள்

சேலத்திலோ ஓசூரிலோ விலை குறைவு என்று தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வாங்கி வருபவர்கள் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் முடிக்க வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி குறிப்பு இருந்தால், அதை நீக்கிய பிறகே முழுப் பணமும் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனுச் செய்வது அவசியம். பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், விற்றவர் வாங்கியவர் இருவருமே கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும்.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டியவற்றுக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. அதற்குப் பிறகும் கட்டணங்கள் மாறியிருப்பதால், அன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்போது விடுவது?

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டீசல், ரிப்பேர், எப்.சி., இன்சூரன்ஸ், வண்டி ஓடாத நாட்கள் எல்லாவற்றையும் எழுதிவர வேண்டும். உதாரணமாக, புது வண்டிக்கு மாதத் தவணை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,44,000 ஆகிறது. பழைய வண்டிக்கு ரிப்பேர் 60,000 ரூபாய். ஓடாத நாட்கள் இருபது. நாளுக்கு 1,500 வீதம் நஷ்டம் 30,000. மொத்தம் 90,000 என்றால் பழைய வண்டியே லாபம். ஓடாத நாட்கள் அறுபதாகிவிட்டால் நஷ்டம் மட்டுமே 90,000. ரிப்பேரோடு சேர்த்து 1,50,000 ஆகிறது. தவணையைவிட இது அதிகம். வாடிக்கைக்காரர்களும் வேறு வண்டி தேடிப் போய்விடுவார்கள்.

அடிச்சட்டம் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தாலும் கணக்கு வேறுதான். அந்த வண்டிக்கு மேற்கொண்டு செலவு செய்வது வீண். அதை அரசில் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, அதைக் காட்டிப் புதுச் சரக்கு வண்டி வாங்குபவருக்கு மோட்டார் வரியில் 15 சதவீதம் வரை சலுகை உண்டு. தெருவோரக் கடையில் எடைக்குப் போடுவதைவிட இது மேல். பழைய ஆர்.சி. ரத்தாகிவிடுவதால், நம்பரை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தும் பயமும் இருக்காது.