கல்லகழ்ந்த நிலமும் பார்த்தீனியமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்கும் நீரே நம் கிணறுகளுக்கு ஊற்றாகும். அச்சுண்ணக்கல்லை மூலப்பொருளாகக் கொண்டே 1950 இற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1990 இற் போரினால் அதன் உற்பத்தி நின்றது. வலிகாமம் வடக்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். கல்லகழ்ந்த கிடங்குகள் எஞ்சின. 2009 இற் போர் முடிந்தபின் அப்பகுதி நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. இத்தகைய நிலத்தை எளிதிற் கைப்பற்றவல்ல பார்த்தீனியம் என்னுங் களையையும், அதனை அடக்கும் முறைகளையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகளைத் தாயகமாகக் கொண்டது. இந்தியாவில் 1950 களின் நடுவிற் பூனா நகரில் இது கவனிக்கப்பட்டது. அமெரிக்கக் கோதுமையுடன் வந்தது என்பர். இலங்கையில் 1999 இல் வவுனியாவில் அறிஞர் இதனைக் கண்டு பதிவு செய்தனர். 1987 முதல் 1990 வரை இங்கு நின்ற இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு இதன் விதையும் வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

கல்லகழும் நிலம் இக்களைக்கு ஏன் உகந்ததாகின்றது? மேல்மண் வழிக்கப்பட்ட இடத்தில் இதனோடு போட்டியிடப் புல்லோ செடியோ இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் இதற்கு ஒவ்வாததன்று. முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்திற் பூக்கும் இச்செடி ஒன்றே பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை ஈனவல்லது. மண்ணுட் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். கல்லும் மண்ணும் ஏற்றும் லொறிகளின் சில்லுகளில் ஒட்டிய சேற்றோடு அது ஊர்விட்டு ஊர் செல்லும். ஆதலால் ஒரு கிடங்கின் களை அக்கிடங்கோடு நிற்பதில்லை; அடுத்துள்ள வெங்காயத் தோட்டத்தையும் மிளகாய்த் தோட்டத்தையும் அது தேடிச் செல்கின்றது.

இதன் தீமை பயிரோடு முடிவதுமில்லை. இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் தோலிற் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தம் மூச்சிழுப்பைத் தூண்டும். இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும். இதனை நான் என் பிழையாற் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அழைத்துச் சென்று, வெறுங்கையால் இக்களையைப் பிடுங்குவித்தேன். சில நாட்களில் ஒரு மாணவன் முன்கையிலுங் கழுத்திலும் தடிப்புடன் வந்து நின்றான். பூத்த செடிகளை வேலியோரத்திற் குவித்து விட்டிருந்தோம். அடுத்த மாரியில் அவ்விடமே பச்சைப் பாயாயிற்று. ஊக்கம் இருந்தது, அறிவு இருக்கவில்லை.

எனவே முறை யாது? முதலாவது தடுத்தல். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 1960 அளவிற் புல்விதையோடு இக்களை புகுந்த கிளெர்மொண்ட் என்னும் ஊரைச் சூழ நிலக்கரிச் சுரங்கங்கள் உள. அம்மாநிலத்தில் இக்களை பரவிய இடங்களிலிருந்து வெளியேறும் வாகனங்களையும் பொறிகளையுங் கழுவுதற்கு மேடைகள் அமைத்துள்ளனர். நம் நாட்டிலும் கல்லகழ்வோர் இதனைக் கைக்கொள்ளலாம்.

இரண்டாவது பிடுங்குதல். மழையால் மண் நெகிழ்ந்திருக்கையில், பூக்குமுன், கையுறையும் முகமூடியும் அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் அடிக்கட்டை மீண்டுந் தளிர்க்கும். பூவாத செடி கூட்டெருவுக்கு ஆகும். பூத்ததைச் சாக்கிற் கட்டி அப்புறப்படுத்தி அழித்தல் வேண்டும்.

மூன்றாவது மருந்து. தமிழகத்தில் உப்புக்கரைசல் தெளிப்பதுமுண்டு, களைகொல்லிகளும் உண்டு. ஆயின் கல்லகழ்ந்த கிடங்கில் மண்போர்வை இல்லை. தெளித்தது மழையோடு நேரே நிலத்தடி நீரைச் சேரக்கூடும். களையைக் கொல்லப் போய்க் கிணற்றைக் கெடுத்தல் நன்றன்று. ஆகவே இங்கு மருந்து கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும்.

நான்காவது உயிரியல் முறை. மெக்சிக்கோவிலிருந்து பெறப்பட்ட இலைதின்னும் வண்டினம் ஒன்று 1984 இற் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது இக்களையை நன்கு தின்னும், கோடையில் மண்ணுள் உறங்கும். எனவே அது துணையாகுமேயன்றித் தனியே போதாது. வெறுநிலத்திற் தகரை முதலிய செடிகளை வளரவிடின் அவை பார்த்தீனியத்தை நெருக்கி ஒடுக்கும் என்பதும் இந்தியாவிற் கண்ட உண்மை.

வடமாகாண சபையின் காலத்தில் இக்களையை ஒழிக்கும் இயக்கங்கள் நடைபெற்றன. ஆயினும் ஒரு நாட் சிரமதானம் போதாது. மண்ணில் விதை உள்ளவரை, ஒவ்வொரு மாரியிலும் அதே நிலத்திற்கு மீண்டுஞ் செல்ல வேண்டும். கல்லை எடுத்தவர் நிலத்தை மூடிப் பசுமை போர்த்துக் கொடுப்பது முடிவான மருந்து. ஆண்டுதோறும் பிடுங்குவது அதுவரையுள்ள கடமை. தடிப்புடன் வந்த அம்மாணவன் மறு ஆண்டு கையுறையோடு முதலாவதாக வந்து நின்றான். அவனுக்கு நான் கடன்பட்டுள்ளேன். இக்கட்டுரை அக்கடனில் ஒரு சிறு பகுதி.