யாரைக் கேட்டால் ஊரைக் கேட்டதாகும்?

பெரியநாயக்கன்பாளையத்தில் சர்வே எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் மேட்டுப்பாளையம் சாலை. பஸ் ஸ்டாப், பேக்கரி, மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். காலை பத்து மணிக்குப் படிவத்தோடு நின்றால் மதியத்துக்குள் அறுபது பேரைப் பிடித்துவிடலாம். சமூகப்பணி, சமூகவியல், வணிகவியல் என்று எந்தத் துறையின் முதுகலை ஆய்வேட்டைப் புரட்டினாலும் இந்த அறுபது பேரைச் சந்திக்க முடியும். ஆய்வுமுறை அத்தியாயத்தில் ‘வசதிக் கூறெடுப்பு’ என்று ஒரு வரி, ‘மாதிரி அளவு 60’ என்று இன்னொரு வரி. கடைசி அத்தியாயத்திலோ அந்த அறுபது பேர் ‘இவ்வட்டார மக்கள்’ ஆகிவிட்டிருப்பார்கள்.

காலை பத்து மணிக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் யார் இருக்க மாட்டார்கள் என்று யோசித்தால் சிக்கல் புரியும். லட்சுமி மெஷின் ஒர்க்ஸிலும் சுற்றியுள்ள பட்டறைகளிலும் முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடித்த வடமாநிலத் தொழிலாளர்கள் லைன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கொங்கு நாட்டு விவசாயக் குடும்பங்களில் பல, ஊருக்குள் இல்லாமல் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவை. பால் ஊற்றவோ சந்தைக்கோ வந்தால்தான் சாலைப்பக்கம் பார்க்கலாம். மலையடிவாரக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சாலைக்கு வருவதே ஒரு நாள் வேலை.

தமிழ்நாட்டில் வேலை பார்த்த ஒருவரே இந்தக் கோளாறுக்குப் பெயர் வைத்திருக்கிறார். ராபர்ட் சேம்பர்ஸ் 1970களில் வட ஆற்காடு கிராமங்களின் நெல் விவசாயத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். 1983இல் வெளிவந்த ஊரக வளர்ச்சி பற்றிய நூலில், வறுமையைப் பார்க்கப் போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை என்று எழுதினார். மழைக்காலத்தில் போவதில்லை, பெண்களைவிட ஆண்களிடமே அதிகம் பேசுகிறார்கள் என்றும் பட்டியலிட்டார். தார்ச்சாலைச் சார்பு என்ற அந்தச் சொல்லாட்சி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடாதா? ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, லாண்டன் ஜெயிப்பார் என்று அச்சிட்டது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கோடு வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை நம்பியதும், சிரமம் எடுத்துச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததும் காரணம். யூடியூப் சேனல்கள் நடத்தும் ‘கருத்துக்கணிப்பு’களுக்கும் இதே வியாதிதான்.

மாறாக, முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் போதும். சதவீதக் கணக்கில் பிழை பெரும்பாலும் மூன்று புள்ளிகளுக்குள் நிற்கும். கோவை மாவட்டத்துக்கும் அதே ஆயிரம்தான், இந்தியா முழுமைக்கும் அதே ஆயிரம்தான் என்பதை முதன்முறை கேட்கும் மாணவர்கள் நம்புவதில்லை. ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாக வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அது எவ்வளவு என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூறெடுப்புப் பாடத்தில் மற்றதெல்லாம் இந்த ஒரு நிபந்தனையின் விரிவுரைதான்.

நம் நாட்டில் இந்த எண்ணம் வேரூன்றக் கொஞ்ச காலம் பிடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918இல் புத்தகமாக வந்த அந்தக் கிராம ஆய்வுகள் இன்றும் பொக்கிஷம். பிற்காலத்தில் வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப்போய் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் கல்லூரிக்குப் பையனை அனுப்ப முடிந்த குடும்பம் இருந்த ஊர்கள் அவை. மாகாணம் முழுமைக்கும் அவற்றைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

அதற்கான வழியைக் காட்டியவர் புள்ளியியலாளர் மகாலனோபிஸ். வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை அளக்க 1937 முதல் அவர் நடத்திய மாதிரி ஆய்வுகளில் ஒரு தந்திரம் இருந்தது: ஒரே பகுதியைத் தனித்தனியாக இரண்டு குழுக்கள் அளந்து வரும். விடைகள் ஒத்துப்போகாவிட்டால் குறை நிலத்தில் இல்லை, அளந்தவர்களிடம் இருக்கிறது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் முதல் சுற்றில், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் 1,833 மட்டுமே தேர்வாயின. உலகம் அப்போது இந்தியாவிடம் பாடம் கேட்டது என்று சொன்னால் மிகையில்லை, ஐ.நா.வின் கூறெடுப்புத் துணைக்குழுவுக்கு மகாலனோபிஸ்தான் தலைவர்.

இன்றைய பெரிய ஆய்வுகளில் தேர்வு எப்படி நடக்கிறது? தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 6,36,699 குடும்பங்கள். முதலில் கிராமங்கள் குலுக்கலில் வரும். பெரிய கிராமத்துக்கு அதன் அளவுக்கேற்பக் கூடுதல் வாய்ப்பு. தேர்வான ஊரில் வீடுகளைப் பட்டியலிட்டு, சீரான இடைவெளியில் 22 வீடுகள். 2,000 வீடுள்ள ஊர் தேர்வாகும் வாய்ப்பு 1,000 வீடுள்ள ஊரைப்போல இரு மடங்கு. ஆனால் உள்ளே போனால் 2,000இல் 22, 1,000இல் 22. பெருக்கிப் பார்த்தால் இரண்டு ஊரிலும் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் மொத்த வாய்ப்பு சமம். ஒரே ஊரின் 22 வீடுகள் பெரும்பாலும் ஒன்றைப்போல ஒன்று இருக்கும் என்பதால், இப்படிக் கொத்தாக எடுத்த 1,000 வீடுகள் தனித்தனியாக எடுத்த 1,000க்கு ஈடாகாது என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

வாய்ப்புதான் சமமாயிற்றே, பிறகு இந்த ஆய்வுகளில் ஒவ்வொரு பதிலுக்கும் கொடுக்கும் ‘எடை’ எதற்கு? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி விடை வேண்டும் என்பதால் கோவையிலும் நீலகிரியிலும் ஏறத்தாழ ஒரே அளவு குடும்பங்களைத்தான் சந்திக்கிறார்கள். 2011 கணக்குப்படி கோவையில் 34.58 லட்சம் பேர், நீலகிரியில் 7.35 லட்சம் பேர். எடை கொடுக்காமல் மாநிலச் சராசரி போட்டால் ஒரு நீலகிரிவாசியின் குரல் ஒரு கோவைவாசியின் குரலைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பலமாகக் கேட்கும். எடை அதைச் சரிக்கட்டுகிறது.

கணக்கு எளிது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பகுதியில் 800 சொந்த வீடுகள், 200 லைன் வீடுகள் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். லைன் வீடுகளைப் பற்றியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இரண்டிலும் ஐம்பது ஐம்பது எடுக்கிறோம். உள்ளூர் ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறோம். சொந்த வீடுகளில் 45 பேருக்கு உண்டு, லைன் வீடுகளில் 10 பேருக்கு உண்டு. நேரே கூட்டினால் நூற்றுக்கு 55. ஆனால் சொந்த வீடு ஒவ்வொன்றும் 16 வீடுகளுக்காகப் பேசுகிறது. லைன் வீடு ஒவ்வொன்றும் நான்குக்காக. 45ஐ 16ஆல் பெருக்கினால் 720, பத்தை நான்கால் பெருக்கினால் 40. ஆக 1,000இல் 760. உண்மையான விடை 76 சதவீதம். எடை போடாத அறிக்கை 21 புள்ளி தவறு.

இனி அந்த லைன் வீட்டு வரிசைக்கு நேரில் போய்ப் பார்க்கலாம். பதினொரு மணிக்குப் பாதிக் கதவுகளில் பூட்டு. எதிர்வீட்டு அம்மா, “அவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்து பாருங்க” என்கிறார். ஐம்பதில் 25 வீடுகளில்தான் ஆள் கிடைத்தது என்றால், அந்த 25இன் எடையை நான்கிலிருந்து எட்டாக உயர்த்தலாம். புத்தகம் இதை அனுமதிக்கிறது. ஆனால் கதவைத் திறந்தவர்களும் பூட்டிப் போனவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பது குழந்தைகளோடு குடும்பமாக வந்தவர்கள். பூட்டிய அறையில் நான்கு இளைஞர்கள் தங்கியிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதைவிட இரவு எட்டு மணிக்கு மறுபடி போவதே மேல். கணினி செய்யும் எந்தத் திருத்தமும் இரண்டாவது நடைக்கு ஈடில்லை.

எடை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தேவப்ரத பாசு 1971இல் ஒரு யானைக் கதை சொன்னார். மலையிறங்கி வரும் யானைகளைத் தெரிந்த பெரியநாயக்கன்பாளையத்துக்காரர்களுக்கு அது பிடிக்கும். சர்க்கஸ் முதலாளிக்கு 50 யானைகளின் மொத்த எடை தெரிய வேண்டும். நடுத்தர உருவமுள்ள சாம்போவை நிறுத்து 50ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. சர்க்கஸ் புள்ளியியலாளர் அதெல்லாம் அறிவியல் இல்லை என்று தடுத்து, சாம்போவுக்கு 100இல் 99 பங்கு வாய்ப்பு, மீதி ஒரு பங்கை மற்ற 49 யானைகளுக்கும் பகிர்ந்து குலுக்கினார். எதிர்பார்த்தபடி சாம்போவே வந்தது. தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழால் பெருக்கும் விதிப்படி மொத்த எடை, சாம்போவின் எடையைவிடச் சற்றே அதிகம்! பெரிய யானை ஜம்போ வந்திருந்தால்? அதன் எடையை 4,900ஆல் பெருக்க வேண்டும். புள்ளியியலாளருக்கு வேலை போயிற்று. சூத்திரம் சரி, வாய்ப்பைப் பங்கிட்ட விதம்தான் அபத்தம். ஓரிரு ஆள்மேல் மலைபோல எடை ஏறியிருக்கும் எந்த ஆய்வையும் சந்தேகப்பட வேண்டும் என்பதே பாசு விட்டுச்சென்ற எச்சரிக்கை.

இதெல்லாம் வகுப்பறைச் சண்டை அல்ல. 2023இல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த ஷமிகா ரவி, தேசிய ஆய்வுகளில் கிராமப்புறம் அளவுக்கு மீறி இடம்பெறுவதால் இந்தியாவின் வளர்ச்சி குறைத்துக் காட்டப்படுகிறது என்று பத்திரிகையில் எழுதினார். பிரணாப் சென், பி.சி. மோகனன் போன்ற மூத்த புள்ளியியலாளர்கள் மறுத்தார்கள்: எத்தனை கிராமத்து வீடுகளைச் சந்தித்தோம் என்பது வேறு, எடை போட்டபின் அவற்றின் பங்கு என்ன என்பது வேறு. இந்த விவாதத்தில் பின்னவர்கள் பக்கமே நியாயம் அதிகம். அதே ஆண்டு பிரணாப் சென் தலைமையில் புள்ளியியலுக்கான நிலைக்குழுவும் அமைக்கப்பட்டது. உண்மையான தலைவலி வேறிடத்தில் இருக்கிறது: வசதியானவர்கள் கதவைத் திறப்பதில்லை. அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிடுகிறார். 2022–23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு இதற்காகவே, நகரங்களில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கார் வைத்திருப்போரைத் தனி அடுக்காகப் பிரித்து அங்கிருந்தும் வீடுகளைக் கட்டாயம் எடுத்தது.

எடைகளுக்கு அடியில் இருப்பது பட்டியல். நகரப் பகுதிகளுக்குப் புள்ளியியல் அலுவலகம் தொகுதி வரைபடங்களை அவ்வப்போது புதுப்பிக்கிறது. கிராமங்களுக்கோ 2011 மக்கள்தொகைக் கணக்குதான் வெகுகாலமாகக் கைகொடுத்து வருகிறது. அதன்பிறகு தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. மேட்டுப்பாளையம் சாலை நெடுகத் தோட்டங்கள் சைட்டுகளாயின. பட்டியலில் இல்லாத வீட்டுக்குத் தேர்வாகும் வாய்ப்பு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்து எடை கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குச் செலவு அதிகமில்லை. தேசிய மாதிரி ஆய்வின் வீடுவாரித் தரவுகளைப் புள்ளியியல் அமைச்சகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ‘ஆர்’ மென்பொருளும் இலவசம். அதில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே தொகுப்பு, அடுக்கு, கொத்து, எடை மூன்றையும் கவனித்துக்கொள்ளும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாதிரி ஆய்வுக் கோப்புகள் பலவற்றில் எடை, புள்ளி இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். 100ஆலோ சில வரிகளில் 200ஆலோ வகுக்க வேண்டும். குடும்பநல ஆய்வுக் கோப்பில் அதுவே பத்து லட்சத்தால். கையேட்டைப் படிக்காமல் கூட்டினால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை உலகத்தைத் தாண்டிவிடும்.

கோவையில் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுபது பேர் போதும், அதில் தவறில்லை. எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற மூன்று விவரங்களை மாணவர் எழுதாதவரை ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.